செந்தோசாவில் தீம் பார்க்கும் கடற்கரையும்: 5 பேர், 6 இரவு, எதை முதலில் வைப்பது?

உறையூர்க்காரன் கேட்டது:

வணக்கம். மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு, குடும்பத்தோடு சிங்கப்பூர் போவதாக முடிவாகிவிட்டது. முடிவு செய்தது நான் இல்லை, பெரியவன். அவன் வகுப்புப் பையன் ஒருவன் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வாசலில் சுற்றும் அந்தப் பூமி உருண்டைக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோவைக் காட்டியதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே கிடையாது. சின்னவளுக்குக் கடல் வேண்டும். என் மனைவிக்கு மூன்று வேளையும் வேறு யாராவது சமைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஆள் கணக்கு: நான், மனைவி, பையனுக்கு 11, பெண்ணுக்கு 5, அம்மாவுக்கு 66. அம்மாவுக்கு இடது முழங்கால் தகராறு, அரை மணி நேரம் நடந்தால் பத்து நிமிடம் உட்கார வேண்டும். திருச்சியிலிருந்து நேர் விமானம், சனிக்கிழமை விடியற்காலை இறங்குகிறோம், அடுத்த வெள்ளிக்கிழமை இரவு கிளம்புகிறோம்.

நான் போட்டிருக்கும் திட்டம் இது, யாரும் சிரிக்க வேண்டாம். சனி, ஞாயிறு லிட்டில் இந்தியா பக்கம் தங்கி ஒரு நாள் யுனிவர்சல், ஒரு நாள் அட்வென்ச்சர் கோவ் தண்ணீர்ப் பூங்கா. திங்கள் காலை மலேசியாவுக்குள் நுழைந்து லெகோலேண்ட் தீம் பார்க், இரவு அங்கேயே. செவ்வாயும் புதனும் தேசாரு கடற்கரையில். வியாழன் சிங்கப்பூர் திரும்பி, வெள்ளிக்கிழமை முஸ்தபாவில் சாமான் வாங்கிக்கொண்டு விமானம். இதைக் காட்டியதும் என் மனைவி சொன்னது, "இது சுற்றுலா இல்லை, தேர்தல் பிரசாரம். ஊருக்கு ஊர் கையசைத்துவிட்டு வேனில் ஏற நான் வரவில்லை."

சரி, அவள் சொல்வது நியாயமா, இல்லை போகிற காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டுமா? கடற்கரைக்குத் தேசாருவா, யுனிவர்சல் இருக்கிற செந்தோசாத் தீவே போதுமா? அப்புறம் அம்மாவை யுனிவர்சலுக்குள் கூட்டிப்போவதா வேண்டாமா? அம்மாவுக்கும் டிக்கெட் எடுத்து நாள் முழுக்க பெஞ்சில் உட்கார வைப்பது பாவமாக இருக்கிறது, விட்டுவிட்டுப் போவதும் பாவமாக இருக்கிறது.


ஈசூன்வாசி எழுதியது:

அண்ணா, உங்கள் வீட்டம்மா சொன்னதுதான் சரி. நான் இங்கே 14 வருடமாக இருக்கிறேன், ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கொண்டுவருவது இந்தத் திட்டத்தைத்தான். வரைபடத்தில் மலேசிய எல்லை ஊரான ஜோகூர் பாரு கைக்கு எட்டுகிற தூரம், பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் பஸ்ஸில் போனால் என்ன நடக்கும் தெரியுமா? உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பெட்டியோடு இறங்கி, படியோ எஸ்கலேட்டரோ ஏறி, வரிசையில் நின்று, முத்திரை வாங்கி, மறுபடி பஸ் ஏறி, பாலத்தைத் தாண்டி மறுபடி இறங்கி, மறுபடி வரிசை. திரும்பும்போதும் இதே கூத்து. வெள்ளி மாலையிலும் விடுமுறை நாள்களிலும் அந்தப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நிற்கும். உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு இது வேண்டாத வேலை.

விசா விஷயமும் இருக்கிறது. மலேசியா இந்தியர்களை 2026 டிசம்பர் 31 வரை விசா இல்லாமல் 30 நாள் விடுகிறது, எம்டிஏசி என்ற படிவத்தை மட்டும் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். ஆனால் சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள் இல்லையா, உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் ஜோகூர் போய் விழித்தவர்களை எனக்குத் தெரியும். விசா வேறு, எஸ்ஜி அரைவல் கார்டு என்ற சிங்கப்பூர் வருகைப் படிவம் வேறு, இரண்டும் வேண்டும். அந்தக் கார்டு இலவசம், இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். தேடினால் அரசாங்கத் தளம் மாதிரியே வேஷம் போட்ட தளங்கள் முதலில் வரும், ஆளுக்கு இவ்வளவு என்று கேட்டால் அது போலி, மூடிவிடுங்கள்.

கடலைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். செந்தோசா கடற்கரை மனிதர்கள் கொண்டுவந்து கொட்டிய மணல். எதிரே அடிவானத்தில் சரக்குக் கப்பல்கள் வரிசை கட்டி நிற்கும், எங்கள் பையன் சின்ன வயதில் அதை எண்ணித்தான் நூறு வரை கற்றுக்கொண்டான். அலை கிடையாது. ராமேசுவரத்தில் பெண் கடல், ஆண் கடல் என்பார்களே, இது பெண் கடலிலும் பரம சாது. வேளாங்கண்ணி, பூம்புகார் அலையில் விளையாடிப் பழகியவர்களுக்கு இது குளம் மாதிரி இருக்கும். ஆனால் 5 வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கடல் கிடைக்காது. சிலோசோ பக்கம் கூட்டமும் பாட்டும், தஞ்சோங் பக்கம் அமைதி, நடுவில் இருக்கிற பலவான் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு. பலவானில் ஒரு தொங்குபாலம் உண்டு, அதைத் தாண்டினால் ஆசியக் கண்டத்தின் தென்கோடி என்று ஒரு பலகை. தீவு எப்படிக் கண்டத்தின் கோடியாகும் என்று கேட்காதீர்கள், போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள்.

நாள்தான் முக்கியம். இங்கே பள்ளி விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க. அதற்கு முன்னால் வந்துவிட்டுப் போய்விட்டால் பாதிக் கூட்டம் மிச்சம். மே 1-ஆம் தேதி தொழிலாளர் தினம், விசாக தினமும் பெரும்பாலும் மே மாதம்தான், அந்த நாள்களையும் தவிருங்கள். செந்தோசா ஹோட்டல்களில் வெள்ளி, சனி இரவுகளுக்கு வாடகை எகிறும், ஞாயிறு முதல் வியாழன் வரை இறங்கும். நீங்கள் சனி, ஞாயிறில் பார்க்குக்குப் போய் வார நாளில் நகரத்துக்குத் திரும்புகிறீர்கள். அப்படியே தலைகீழாக மாற்றுங்கள்.


இரட்டைவால்களின் அம்மா எழுதியது:

கோயம்புத்தூரிலிருந்து போன வருடம் போய்வந்தோம், எனக்கு 9 வயதும் 5 வயதுமாக இரண்டு. நான் செய்த தப்பை மட்டும் சொல்கிறேன், நல்லதை எல்லாம் வீடியோக்களில் பார்த்துக்கொள்ளலாம்.

இறங்கிய அன்றே யுனிவர்சல் போனோம். "ஹோட்டலில் ரூம் மதியத்துக்கு மேல்தான் தருவார்கள், சும்மா உட்காருவதற்கு அங்கே போகலாமே" என்று என் கணவர் சொன்னது அப்போது ரொம்ப புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. ராத்திரி விமானம், நம்மூருக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் வேறு, யாரும் மூன்று மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. பதினொரு மணிக்கு வாசல், ஒரு மணிக்குச் சின்னது அப்பா தோளில் சாய்ந்தது, நாலு மணிக்குத்தான் கண் திறந்தது. வாட்டர்வேர்ல்டு என்ற தண்ணீர்க் காட்சியில் வெடிக்கிறார்கள், விமானம் பாய்கிறது, தண்ணீர் எங்கள் வரிசை வரை அடிக்கிறது, அது எச்சில் ஒழுகத் தூங்குகிறது. சட்டை தோள் முழுக்க நனைந்தது தண்ணீராலா எச்சிலாலா என்று இன்றைக்கும் வீட்டில் விவாதம். முழு டிக்கெட் வாங்கிக் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்தோம். அதனால் முதல் நாள் பார்க் வேண்டவே வேண்டாம்.

உயரத்தை இப்போதே அளந்துவிடுங்கள். செருப்பு இல்லாமல், கதவு நிலையில் சாய்த்து நிற்க வைத்து, பென்சில் கோடு போட்டு. அங்கே ஒவ்வொரு ரைடுக்கும் கோடு வைத்திருக்கிறார்கள், வாசலில் அளவுகோலோடு ஆள் நிற்பார், கெஞ்சினால் ஒன்றும் நடக்காது. என் சின்னது அப்போது 105 செ.மீ. டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, கூடப் பெரியவர் இருந்தால் போதும், ஏறினாள். புஸ் இன் பூட்ஸுக்கு 100, ஏறினாள். கேனப்பி ஃப்ளையருக்கு 92. ஆனால் ஜுராசிக் பார்க் படகுக்கு 107. இரண்டே செ.மீ. பெரியவன் நனைந்து சிரித்துக்கொண்டு இறங்குகிறான், இவள் வாசலில் உட்கார்ந்து அழுத அழுகையில் டைனோசரே பயந்திருக்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்தப் பக்கமே கூட்டிப்போயிருக்க மாட்டோம். உங்கள் பையன் 125 செ.மீ. தாண்டியிருந்தால் எல்லாவற்றிலும் ஏறலாம், மம்மி ரைடுக்கு 122, பேட்டில்ஸ்டார் ரோலர் கோஸ்டர் இரண்டுக்கும் 125. பெரியவர்கள் இருவருக்கும் ஆசை இருந்தால் நுழையும்போதே 'சைல்ட் ஸ்வாப்' என்று சொல்லுங்கள், ஒருவர் போய்விட்டு வந்ததும் மற்றவர் மறுபடி முழு வரிசை நிற்காமல் ஏறலாம், சின்னது ஒருவரோடு வெளியே இருக்கும்.

சின்னவளுக்கு யுனிவர்சலுக்குள்ளேயே மினியன் லேண்ட். 2025 பிப்ரவரியில்தான் திறந்தார்கள், எங்கள் வீட்டுக் குட்டி அங்கிருந்து நகர மறுத்துவிட்டது.

ரூம் விஷயம்: ஐந்து பேரை ஒரே அறையில் போட மாட்டார்கள், அறைகளும் சின்னவை. நாங்கள் என் மாமியாரையும் சேர்த்து ஐந்து பேர், இரண்டு அறை எடுத்தோம், ஹோட்டல்காரர்கள் ஒன்றை 4-ஆம் மாடியிலும் ஒன்றை 9-ஆம் மாடியிலும் கொடுத்தார்கள். பக்கத்துப் பக்கத்து அறை என்று ஆன்லைனில் குறிப்பு எழுதியிருந்தோம், கவுன்டரில் யாரும் படிக்கவில்லை. லிஃப்டுக்கு கார்டு தேய்த்தால்தான் அந்தந்த மாடிக்குப் போகும், அதனால் மாமியார் கீழே வர, நான் மேலே போக என்று நாள் முழுக்க ஏற்ற இறக்கம். நடுக்கதவு உள்ள அறைகள் வேண்டும் என்று மெயில் போட்டு, பதில் வாங்கி, அதை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.


ஜேபி மச்சான் எழுதியது:

எல்லாரும் சேர்ந்து எங்கள் ஊரை ஒரேயடியாகக் கழித்துவிட்டீர்கள், பரவாயில்லை. ஒரு ஜோகூர்க்காரனாக நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்.

5 வயதுப் பெண்ணுக்கு யுனிவர்சலைவிட லெகோலேண்ட்தான் பொருத்தம். 2012-இல் திறந்தது, ஆசியாவில் முதல் லெகோலேண்ட், பெரும்பாலான ரைடுகள் சின்னப் பிள்ளைகளை மனதில் வைத்தே செய்தவை. மினிலேண்டில் தாஜ்மகால்கூடச் செங்கல் செங்கலாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் 11 வயதுப் பையன் மதியத்துக்குள் "வேறென்ன இருக்கு" என்று கேட்பான், அதுவும் உண்மை. இன்னொன்று, நிழல் குறைவு. வெயில் தலையைப் பிளக்கும், தண்ணீர்ப் பூங்கா பக்கத்திலேயே இருப்பதால்தான் சனங்கள் பிழைக்கிறார்கள்.

கடல் என்றால் தேசாருதான் கடல். தென்சீனக் கடல், அலை அடிக்கும், மணல் தானாக வந்த மணல். நவம்பரிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் சீறும், அப்போது இறங்கவே கூடாது, மே மாதம் நல்ல காலம். பசியாறிவிட்டுக் காலையிலேயே தண்ணீரில் இறங்கினால் மதியம் வரை ஏற மனசு வராது. ஜோகூர் பாருவிலிருந்து நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரச் சொச்சம்.

ஈசூன் அண்ணன் சொன்ன படிக்கட்டுக் கூத்து பஸ்ஸுக்குத்தான். உரிமம் வாங்கிய எல்லை தாண்டும் வண்டியைப் பேசிக்கொண்டால் இறங்காமல் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே முத்திரை வாங்கலாம், துவாஸ் வழியாக இரண்டாவது பாலத்தில் வந்தால் லெகோலேண்ட் பக்கம். உரிமம் இல்லாத வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று ஏறாதீர்கள், சிங்கப்பூரில் பிடித்தால் வண்டியைப் பறிமுதல் செய்வார்கள், நீங்கள் பெட்டியோடு நடுவழியில் நிற்பீர்கள்.

ஆனாலும் 6 இரவில் இரண்டு நாடு வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கும் நேர் விமானம் இருக்கிறது, இன்னொரு வருடம் மலேசியாவுக்கென்றே தனியாக வாருங்கள். அரைகுறையாகப் பார்த்துவிட்டு "ஜோகூர் என்றால் ஜாம்" என்று ஊரில் போய்ச் சொல்வதைவிட அது மேல்.


உறையூர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஜேபி மச்சானே கைவிட்ட பிறகு நான் என்ன பிடிவாதம் பிடிப்பது, மலேசியா போச்சு. மனைவியிடம் சொன்னேன், வெற்றிச் சிரிப்பு.

காலையில் சின்னவளைக் கதவு நிலையில் நிறுத்தி அளந்தேன். 104. படகு கிடையாது. பெரியவன் 138, அவன் கேட்காமலே அளந்துகொண்டு போய்விட்டான்.

அம்மாவிடமும் கேட்டேன். "எனக்கென்னப்பா, நீங்க எங்க போறீங்களோ அங்க" என்றார். எந்த அம்மாவும் இதைத்தானே சொல்வார், இதிலிருந்து நான் என்ன புரிந்துகொள்வது? இன்னொன்று, மைத்துனன் 2012-இல் எடுத்த போட்டோவில் செந்தோசாவில் பிரம்மாண்டமான சிங்கச் சிலைக்குள் ஏறி நிற்கிறான். அம்மாவுக்கு லிஃப்டில் ஏறி அதைப் பார்க்கலாமா?


ஈசூன்வாசி எழுதியது:

அந்தச் சிங்கம் இப்போது இல்லை அண்ணா, 2019 அக்டோபரில் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். தண்ணீர் துப்புகிற மெர்லயன் நகரத்துக்குள் மரினா பே பக்கம் இருக்கிறது, அதைப் பார்க்கக் காசும் வேண்டாம், லிஃப்டும் வேண்டாம்.


ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

தம்பி, இங்கே எல்லாரும் பிள்ளைகளைக் கூட்டிப்போனவர்கள். நான் கூட்டிப்போகப்பட்டவன், வயது 69. அதனால் உங்கள் அம்மா தரப்பில் நான் பேசுகிறேன்.

மகன் குடும்பத்தோடு போனபோது எனக்கும் யுனிவர்சல் டிக்கெட் எடுத்தார்கள். காலை ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது, வாட்டர்வேர்ல்டு காட்சி உண்மையிலேயே ரசித்தேன், உட்கார்ந்து பார்க்கலாம். அதற்கப்புறம் எனக்கு வேலை பை காப்பது. நாலு பேருடைய பை, இரண்டு தொப்பி, ஒரு பாதி தின்ற ஐஸ்கிரீம். "தாத்தா இங்கேயே இருங்க" என்று ஓடுவார்கள், முக்கால் மணி கழித்து வருவார்கள், மறுபடி "இங்கேயே இருங்க". மரியாதைக்காக நானும் சிரித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தபோது இந்தச் சிரிப்பு அவர்களுக்காகவா எனக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாவது நாள் தண்ணீர்ப் பூங்கா என்றார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பிவிட்டேன். ஹார்பர்ஃபிரன்டில் ஊதா நிற ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா, வண்டி மாற வேண்டாம். நடைமேடை இடைவெளியைக் கவனிக்கச் சொல்லி நல்ல தமிழில் அறிவிப்பு வருகிறது, நம்மூர் ரயில் நிலையங்களில் கேட்கிற தமிழைவிடச் சுத்தம். வீரமாகாளியம்மன் கோவிலில் உச்சிகால பூஜை முடியும் வரை இருந்தேன். 1947-இலிருந்து இருக்கிற கோமள விலாஸில் சாப்பாடு. பக்கத்து மேசையில் ஒருவர், மன்னார்குடிக்காரர், கப்பல் பட்டறையில் வேலை, இரண்டு மணி நேரம் ஊர்ப்பேச்சு. சாயங்காலம் செந்தோசா திரும்பிக் கடற்கரையில் பேரப்பிள்ளைகளோடு கால் நனைத்தேன். அந்தப் பயணத்தில் எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு நாள்தான்.

உங்கள் அம்மா தனியாகப் போகிறவரா என்று எனக்குத் தெரியாது. போகாதவர் என்றால் நீங்களோ மருமகளோ அரை நாள் கூடப் போங்கள், இரண்டு பேரும் பிள்ளைகளோடு பார்க்கில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. "என்ன வேண்டும்" என்று கேட்காதீர்கள், அதற்கு அவர் பதில் சொல்ல மாட்டார். "செவ்வாய்க்கிழமை இவங்க எல்லாம் பார்க்குக்குப் போறாங்க, நீயும் நானும் கோவிலுக்குப் போலாமா, இல்ல ரூமிலிருந்து கடலைப் பார்த்துகிட்டு இருக்கியா" என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். பதில் வரும்.

இன்னொரு சின்ன விஷயம். அம்மா வெற்றிலை போடுகிறவரா? வெற்றிலை, பாக்கு சிராங்கூன் சாலையிலேயே கிடைக்கும். புகையிலை மட்டும் பெட்டியில் எந்த மூலையிலும் இருக்கக்கூடாது, வாயில் மெல்கிற புகையிலை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை. முந்தானை முடிச்சு வரைக்கும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.


உறையூர்க்காரன் எழுதியது:

சார், அந்தப் பை காக்கிற பத்தியை மனைவியிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டில் ஒன்றாகக் கேட்டேன். "கோவிலுக்குப் போலாம். ஆனா அந்தத் தண்ணி காட்சி உட்கார்ந்து பார்க்கிறதுன்னா அதையும் பார்க்கணும்" என்றார். ஆக ஆசை இருந்திருக்கிறது, கேட்ட விதம்தான் சரியில்லை. வெற்றிலை உண்டு, புகையிலையும் உண்டு, அதைப் பற்றித் தனியாக ஒரு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது திட்டம் இப்படி நிற்கிறது. சனி இறங்கியதும் லிட்டில் இந்தியா பக்கம் ரூம், தூக்கம், சாயங்காலம் கோவில். ஞாயிறு வெயில் இறங்கிய பிறகு மரினா பே பக்கம் மெர்லயன், அப்படியே நடந்து கார்டன்ஸ் பை த பேயில் அந்தப் பெரிய செயற்கை மரங்களின் விளக்குக் காட்சி. திங்கள் மதியம் பெட்டியோடு செந்தோசா, அன்றைக்குக் கடல் மட்டும். செவ்வாய் யுனிவர்சல், அம்மாவும் வருகிறார், வாட்டர்வேர்ல்டு முடிந்ததும் நான் அவரைக் கூட்டிக்கொண்டு ரூமுக்கு வந்துவிடுவேன். மனைவிக்கு ரோலர் கோஸ்டர் பிடிக்கும், எனக்குத் தலை சுற்றும், அதனால் இதில் தியாகம் ஒன்றும் இல்லை. புதன் எதுவும் கிடையாது. "எதுவும் கிடையாது" என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்துப் பையன் அச்சுப்பிழை என்று நினைத்துவிட்டான். வியாழன் அட்வென்ச்சர் கோவ். வெள்ளி மதியம் ரூமைக் காலி செய்துவிட்டு இரவு விமானம்.

மழை வந்தால் என்ன செய்வது, வியாழனுக்கு மாற்று ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டுமா?


ஈசூன்வாசி எழுதியது:

இது மனிதர்கள் போகிற திட்டம். ஞாயிறு விளக்குக் காட்சி 7:45-க்கும் 8:45-க்கும், இலவசம், அங்கேயே தரையில் மல்லாந்து படுத்துப் பாருங்கள், எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

மழை கட்டாயம் வரும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் திடீரென்று இடியும் மின்னலுமாக ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி வெயில் அடிக்கும். மின்னல் எச்சரிக்கை வந்தால் வெளியில் இருக்கிற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், தண்ணீர்ப் பூங்காவில் விசில் ஊதி எல்லாரையும் கரையேற்றுவார்கள். அதனால் யுனிவர்சலில் பேட்டில்ஸ்டார், புஸ் இன் பூட்ஸ், கேனப்பி ஃப்ளையர் இவற்றைக் காலையிலேயே முடித்துவிட்டு, கூரைக்குள் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி இரண்டையும் மதியத்துக்கு வையுங்கள். பார்க் பெரும்பாலான நாள்களில் இருட்டுவதற்குள் மூடிவிடும், இரவு வரை இருக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அட்வென்ச்சர் கோவ் உங்கள் தேதியில் திறந்திருக்கிறதா என்று டிக்கெட் வாங்குமுன் நாள்காட்டியில் பாருங்கள். வியாழன் மழை கெடுத்தால் பக்கத்திலேயே ஓஷனேரியம் இருக்கிறது, பழைய மீன் காட்சியகத்தைப் பெரிதாக்கி 2025 ஜூலையில் திறந்தார்கள், முழுக்கக் கூரைக்குள்.

செந்தோசாவுக்குள் நுழைய விவோசிட்டி என்ற கடை வளாகத்தின் மூன்றாம் மாடியிலிருந்து குட்டி ரயில், ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்ப வரக் காசு இல்லை, தீவுக்குள் ரயில், பஸ் எல்லாம் சும்மா. பெட்டிகளோடு வருகிற திங்கள் மட்டும் டாக்சி பிடியுங்கள், ஐந்து பேர் என்பதால் ஆறு இருக்கை வண்டி என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள், சாதாரண டாக்சியில் நாலு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்.


இரட்டைவால்களின் அம்மா எழுதியது:

புதன் 'எதுவும் கிடையாது' என்பதை யார் கெஞ்சினாலும் மாற்றாதீர்கள். எங்கள் வீட்டில் இப்போதும் பிள்ளைகள் பேசுவது மினியனைப் பற்றி இல்லை, பலவானில் ஒரு சாயங்காலம் நண்டு வளை தோண்டியதைப் பற்றித்தான். கப்பில் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஒரு நண்டுகூட வெளியே வரவில்லை.

தண்ணீர்ப் பூங்காவில் பருத்தி டி-ஷர்ட்டோடு இறங்க விட மாட்டார்கள், நீச்சல் உடை எல்லாருக்கும் இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள், பெரியவர்களுக்கு முழுக்கை, முழுக்கால் வைத்ததும் கிடைக்கிறது, நான் அதுதான் போட்டேன். லைஃப் ஜாக்கெட் அங்கேயே தருகிறார்கள். ரெயின்போ ரீஃப் என்ற இடத்தில் 20,000 மீன்களுக்கு நடுவில் முகமூடி போட்டு மிதக்கலாம், உங்கள் பையனுக்கு அது பிடிக்கும்.

வெள்ளிக்கிழமைக்கு ஒன்று. ரூமைக் காலி செய்த பிறகு பெட்டியை ஹோட்டலிலேயே வைத்துக்கொள்வார்கள், பிள்ளைகள் கடைசியாக ஒரு தடவை கடலில் இறங்காமல் விட மாட்டார்கள். ஆளுக்கு ஒரு செட் உலர்ந்த துணியும், ஈரத்துணிக்கு ஒரு தடித்த பிளாஸ்டிக் பையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, சாங்கி விமான நிலையத்தில் மணல் உதிர்கிற அரைக்கால் சட்டையோடு இரண்டையும் வரிசையில் நிற்க வைத்தோம்.


உறையூர்க்காரன் எழுதியது:

குறித்துக்கொண்டேன். டிக்கெட் நாளைக்குப் போடுகிறேன். நண்டு வளைக்கு ஊரிலிருந்தே ஒரு சின்ன மண்வெட்டி எடுத்துப் போகலாமா என்று சின்னவள் கேட்கிறாள், பிளாஸ்டிக்தான்.


ஈசூன்வாசி எழுதியது:

பிளாஸ்டிக் என்றால் கொண்டுவாருங்கள். நண்டு பிடித்தால் திரும்ப விட்டுவிடச் சொல்லுங்கள்.